குடிநீர்ப் பில்லும் சாக்கடைப் பில்லும்: மூன்று வீட்டுக் கணக்கை நான் பார்க்கும் விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு, அதே ஊரில் வண்டிப்பாளையத்தில் தம்பி வாங்கிப் போட்டிருக்கும் வீடு, பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் மகள் வீடு. இந்த மூன்று வீட்டுக்கும் தண்ணீர்க் கட்டணமும் சாக்கடைக் கட்டணமும் கட்டுவது என் வேலை. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். மகளும் மாப்பிள்ளையும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். நான் ஒரு கூட்டுறவு சங்கத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அதனால் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கும் இது மனசுக்குப் பிடித்த வேலை.

கரண்ட் பில்லை யாரும் மறப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து கணக்கெடுத்துவிட்டுப் போகிறார்கள். கட்டாவிட்டால் விளக்கு எரியாது. தண்ணீர்ப் பில் அப்படி இல்லை. தொகை சின்னது, தவணை நீளமானது, கட்டாவிட்டாலும் மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வருகிறது. அதனாலேயே நல்ல வசதியான வீடுகளில்கூட நாலைந்து வருட நிலுவை சேர்ந்து கிடக்கிறது. அந்த நிலுவை ஆளோடு போவதில்லை, வீட்டோடு தங்கிவிடுகிறது. வீட்டை விற்கும்போது, அப்பா பெயரிலிருந்து பிள்ளை பெயருக்கு மாற்றும்போது, மாடி கட்ட அனுமதி கேட்கும்போது மொத்தமாக வந்து வாசலை மறிக்கிறது. அப்படி ஆனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் எண்ணைத் தேடி எடுங்கள்

கடலூரில் ஒரு வீட்டுக்கு மூன்று எண்கள் உண்டு. சொத்து வரி விதிப்பு எண், குடிநீர் இணைப்பு எண், பாதாள சாக்கடை இணைப்பு எண். மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குக் கட்டினால் மற்றொன்றுக்குக் கட்டியதாகாது.

கதவு எண் பழசு, புதுசு என்று இரண்டு இருக்கும். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அலுவலகத்துக்கு உங்களைத் தெரியாது, உங்கள் எண்ணைத்தான் தெரியும். பழைய ரசீது ஒன்று இருந்தால் அதிலேயே எண் இருக்கும். ரசீதே இல்லையென்றால் உங்கள் வார்டு பில் கலெக்டரைக் கேளுங்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு வரி வசூல் மையத்துக்குப் போனாலும் மற்ற இரண்டு எண்களையும் பார்த்துச் சொல்வார்கள். இடையில் எண் மாறியிருந்தால் பழையதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பழைய ரசீதைக் காட்ட வேண்டி வரும் நாளில் அது உதவும்.

நான் மூன்று வீட்டு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி, சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதையே போட்டோ எடுத்துத் தம்பிக்கும் மகளுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்று ஆனாலும் எண் அவர்களிடம் இருக்க வேண்டும்.

எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். தம்பி வீடு வாங்கிய முதல் வருடம், அவன் குடிநீர் எண்ணில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று எழுதிக்கொண்டேன். இரண்டு அரையாண்டு அப்படியே கட்டினேன். ரசீதும் வந்தது. ஆனால் ரசீதில் இருந்த பெயரை நான் படிக்கவே இல்லை, தொகையை மட்டும் பார்த்தேன். மூன்றாவது தவணைக்குச் சரியான எண்ணைப் போட்டபோது முழு நிலுவையும் நின்றது. பதறிப்போய்ப் பழைய ரசீதை எடுத்துப் பார்த்தால், பெயர் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு அக்காவுடையது. அந்த அம்மாவோ தன் மகன்தான் வெளியூரிலிருந்து கட்டுகிறான் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருக்கிறார். ரசீதுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, உள்ளே போய் எண்ணி முழுப் பணத்தையும் கையில் வைத்தார். மனசு நிறைந்து போனது. எல்லோருக்கும் அப்படி ஒரு அக்கா அமையமாட்டார். அதனால் எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் இப்போதெல்லாம் பணம் கட்டுகிறேன்.

வீட்டு வரி கட்டிவிட்டேனே, அதில் தண்ணீர் இல்லையா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. சொத்து வரியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள்ளும் குடிநீர், வடிகால் என்று ஒரு பங்கு வருவதால் குழப்பம் வருகிறது. அது வீடு இருக்கிறது என்பதற்காகக் கட்டுகிற வரி. ஊருக்குப் பொதுவான அமைப்பை நடத்த அது போகிறது. குடிநீர்க் கட்டணம் என்பது உங்கள் வாசலுக்கு வந்திருக்கும் இணைப்புக்கு. பாதாள சாக்கடைக் கட்டணமும் அப்படித்தான். வரியைக் கட்டிவிட்டுக் கட்டணத்தை விட்டவர்கள்தான் பெரும்பாலும் நிலுவையில் மாட்டுகிறார்கள்.

எங்கே கட்டுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். 2021-ல் மாநகராட்சியான கடலூரில் மூன்றும் மாநகராட்சிக்குத்தான். பாண்டிச்சேரியில் வேறு மாதிரி. லாஸ்பேட்டை உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது, வீட்டு வரி அங்கே போகிறது. ஆனால் குடிநீரும் கழிவுநீரும் புதுவை அரசின் பொதுப்பணித்துறை பார்க்கிறது, அதில் பொது சுகாதாரக் கோட்டம் என்ற பிரிவு. மகள் அங்கே குடிபோன புதிதில் நகராட்சியில் வீட்டு வரி கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்தாள். சென்னையில் 1978-ஆம் வருடச் சட்டப்படி குடிநீருக்கென்றே தனி வாரியம். எங்கள் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் போகிற தண்ணீருக்கும் அங்கே அந்த வாரியம்தான் பில் போடுகிறது. வாடகைக்கோ சொந்தமாகவோ புது ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே தண்ணீர் யார் பொறுப்பு?

எப்போது கட்டுவது

எங்கள் பக்கத்தில் கணக்கு அரையாண்டாக ஓடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நான் சித்திரை பிறப்பையும் ஐப்பசி பிறப்பையும் நாள் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று ஏப்ரல் நடுவில் வரும், மற்றது அக்டோபர் நடுவில். காலண்டரில் எப்படியும் கண்ணில் படும் நாட்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழிகிறது, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்தச் சலுகை வரிக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. ஆனால் வரிக்காக உட்காரும் அதே நாளில் மற்ற இரண்டையும் சேர்த்து முடித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு நிம்மதி.

கையில் பணம் புரளாத மாதம் என்றால் முதலில் பழைய நிலுவையை அடையுங்கள். அதுதான் வளர்ந்துகொண்டே போகும்.

கட்டும் வழி

கவுன்ட்டரில் கட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வயதானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எண்ணை ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி உள்ளே நீட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். ரசீது கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராமல் நான்கு விஷயம் பாருங்கள்: எண், பெயர், எந்த அரையாண்டு, தொகை. தவறு இருந்தால் அந்த இடத்திலேயே சொன்னால் ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு வார வேலை.

வீட்டிலிருந்தே கட்ட, தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிகளுக்குப் பொதுவான அரசு இணையதளம் இருக்கிறது. டிஎன் அர்பன் இபே என்று தேடினால் வரும். சொத்து வரி, குடிநீர், பாதாள சாக்கடை எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கின்றன. கணக்குத் தொடங்காமல், எண்ணை மட்டும் வைத்துச் சட்டென்று கட்டவும் வழி உண்டு. மஸ்கட்டில் இருக்கும் தம்பியே அவசரத்துக்கு ஒரு முறை அப்படிக் கட்டினான். முகவரியின் முடிவில் அரசு இணையதளங்களுக்கு உரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

‘நிலுவை உள்ளது, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு உடனே அழைக்கவும்’ என்று போனில் வரும் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். கரண்ட் பில் பெயரில் இதைச் சொல்லிப் பணம் பறித்த கதைகள் ஊரெல்லாம் இருக்கின்றன, தண்ணீர் பெயரிலும் வரலாம். அலுவலகம் இரவில் அழைத்து ஓடிபி கேட்காது. தெரியாமல் பணம் போய்விட்டால் தயங்காமல் 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான நாடு தழுவிய எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை மடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

பணம் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும், ரசீது வராது. இதுவும் நடக்கும். எனக்கு ஒரு முறை மழை நாளில் நெட் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தபோது நடந்தது. அப்போது பயத்தில் மறுபடியும் கட்டிவிடாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, அதே எண்ணைப் போட்டு நிலுவை போய்விட்டதா என்று பாருங்கள். போய்விட்டால் ரசீதை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். போகவில்லை என்றால் பணம் திரும்ப வர வேண்டும். 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, யுபிஐ மூலம் ஒரு கட்டணத்துக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், அனுப்பிய நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இந்த விதி தெரியும் என்று வங்கியில் அமைதியாகச் சொல்லுங்கள், பேச்சின் போக்கே மாறும். எனக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது.

வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் ரசீது ஆகாது. பணம் உங்களிடமிருந்து போனது என்றுதான் அது சொல்லும், உங்கள் இணைப்புக் கணக்கில் வரவானது என்று சொல்லாது.

ரசீது வெளுக்கும்

கவுன்ட்டர்களிலும் கையடக்க மிஷின்களிலும் கிழித்துத் தரும் வழவழப்பான ரசீது, சூட்டில் அச்சாகும் தாள். அதில் மையே கிடையாது. வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்தால் ஒரு வருடத்தில் எழுத்து மங்கும், அப்புறம் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அதன் பின்னால் அசலைக் குத்தி வையுங்கள். போனிலும் ஒரு போட்டோ இருக்கட்டும்.

தம்பிக்கு வண்டிப்பாளையம் வீட்டை வாங்கும்போது இது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. விற்பவர் நேர்மையான மனிதர். தண்ணீர்ப் பில் எல்லாம் கட்டிவிட்டேன் என்று ஒரு கட்டு ரசீதைக் கொடுத்தார். பிரித்தால் பாதித் தாள்களில் ஒரு எழுத்துகூட இல்லை. எந்த வருடத்துக்கு எது என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் எண்ணை வாங்கி நிலுவையைப் பார்த்தோம். பாதாள சாக்கடைக் கணக்கில் ஐந்து அரையாண்டு நின்றது. குடிநீருக்குக் கட்டியவர் அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார். கிரயப் பணத்திலிருந்து அதைக் கழித்துக் கட்டிவிட்டுப் பத்திரம் பதிந்தோம்.

வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். அதில் அடமானம் தெரியும், பழைய கிரயம் தெரியும். தண்ணீர் நிலுவையும் சாக்கடை நிலுவையும் அதில் வராது. மூன்று எண்களையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி, நீங்களே நிலுவை பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள், பத்திரப்பதிவு அன்று காலையில் வேண்டாம்.

காகிதத்தைப் பற்றி இன்னொன்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் மாடி அறைக் கூரை ஷீட் பறந்து, அப்பா கம்பியில் குத்தி வைத்திருந்த இருபது வருட ரசீதுகள் கூழாகிவிட்டன. அப்பா அவற்றைத் தரையில் பரப்பிக் காயவைத்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. அதிலிருந்து நான் ரசீதுகளை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, பரணுக்குக் கீழே உயரமான அலமாரியில் வைக்கிறேன். கடலூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மீட்டர் இருந்தால்

எங்கள் வீட்டில் மீட்டர் இல்லை, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அப்படிப்பட்ட வீட்டில் பூட்டிப் போட்டாலும் கட்டணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பல வருடம் பூட்டியே இருக்கப் போகிறது என்றால் இணைப்பைத் துண்டிக்க மனு கொடுப்பதுதான் வழி. பிறகு திரும்ப வாங்கச் செலவு உண்டு, யோசித்துச் செய்யுங்கள்.

மகள் வீட்டில் மீட்டர். முதல் தேதி காலையில் அதைப் படித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பில் வரும்வரை காத்திருந்தால் தவறு தெரிவதற்குள் தண்ணீரும் போயிருக்கும், பணமும் போயிருக்கும்.

படிப்பது சுலபம். கறுப்பு எண்கள் கிலோலிட்டர். ஒரு கிலோலிட்டர் என்றால் 1,000 லிட்டர். சிவப்பில் இருப்பவை அதற்குக் கீழான பின்னம், பில்லுக்கு அவை தேவையில்லை. சென்ற முறை 1,262, இந்த முறை 1,284 என்றால் 22 கிலோலிட்டர். இரண்டு மாதத்துக்கு 22,000 லிட்டர், நாளைக்கு சுமார் 366. வீட்டில் மூன்று பேர் என்பதால் ஆளுக்கு 122 லிட்டர். பாதாள சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு. அதற்குள் இருந்தால் வீடு ஒழுங்காக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு முறை இரண்டு மாதக் கணக்கு 22-லிருந்து 41-க்குத் தாவியது. ஆளுக்கு 228 லிட்டர். விருந்தாளி யாரும் வரவில்லை. மகள் மீட்டர் கெட்டுவிட்டது என்றாள். நான் பஸ் பிடித்துப் போய் இரண்டு நாள் தங்கினேன். இப்படித்தான் தேடினோம்.

மீட்டர் முகத்தில் சின்னதாக நட்சத்திரம் போல ஒரு சக்கரம் இருக்கும். துளித் தண்ணீர் போனாலும் அது சுழலும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, சம்ப்புக்குப் போகும் வால்வையும் அடைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும். சுழன்றால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவே மண்ணுக்குள் கசிவு. ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில்தான் இந்தச் சோதனை. தண்ணீர் வராத நேரத்தில் பார்த்தால் ஓட்டை இருந்தாலும் சக்கரம் நிற்கும், நீங்கள் ஏமாந்து போவீர்கள். மகள் வீட்டில் சக்கரம் அசையவில்லை. சரி, மண்ணுக்குள் ஒன்றுமில்லை.

அடுத்து கழிவறை. ஃப்ளஷ் தொட்டிக்குள் சொட்டு நீலம் சில துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டோம். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் தொட்டி வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் போகும் இடம் அது. அங்கேயும் ஒன்றுமில்லை.

விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் வந்தது. நான் டார்ச் எடுத்துக்கொண்டு சம்ப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நிறைந்தது. மிதவை மேலே வந்தது. வால்வு மூடவில்லை. வழிந்த தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே நேராக வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் தூங்கும் நேரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பிளம்பர் வந்து மிதவை வால்வை மாற்றினார், அரை மணி நேர வேலை. அடுத்த கணக்கு 23.

பில் தொகையைவிட அந்த வாய்க்கால்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. பாண்டிச்சேரி பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுப்பியது. இன்றைக்கும் அந்த நகரம் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். கடல் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அப்படி எடுத்து வந்த தண்ணீர் இருட்டில் சாக்கடையில் கலந்துகொண்டிருந்தது.

கசிவே இல்லை, ஆனாலும் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்றால் காற்றாக இருக்கலாம். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊரில், தண்ணீருக்கு முன்னால் குழாயில் அடைபட்ட காற்று பாய்ந்து மீட்டரைச் சுற்றிவிடும். தண்ணீர் வரத் தொடங்கும் நேரத்தில் மீட்டரை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சீலை மட்டும் தொடாதீர்கள், பிளம்பரையும் தொட விடாதீர்கள்.

தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சட்டப்படி தவறு, மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிக்கலாம். தெருக் கடைசி வீட்டில் குடத்தோடு காத்திருப்பவர்களுக்கு வர வேண்டிய தண்ணீர் அது. சம்ப்பில் விழும் தண்ணீரை மேலே ஏற்ற எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கடைக் கட்டணம்

இது எதை வைத்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு நகரங்களில் பெரும்பாலும் கட்டடப் பரப்பை வைத்துத்தான் வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும். வீடா, கடையா என்பதைப் பொறுத்தும் மாறும். எங்கள் கீழ்வீட்டு முன்னறையில் முன்பு ஒரு தையல் கடை இருந்தது. கடை காலியானதும் முதல் வேலையாக மனு கொடுத்து வீட்டு உபயோகத்துக்கு மாற்றிக்கொண்டேன். நாமாகச் சொல்லாவிட்டால் அங்கே கடை இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

மாதக் கட்டணம் கட்டுகிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் அதில் விட முடியாது. வீட்டுக் குழாய் தெருக் குழாயோடு சேரும் தொட்டிதான் சேம்பர், அதுவரையிலான வீட்டுக் குழாய் நம் பொறுப்பு. தேங்காய் நார், காபித்தூள் சக்கை, வடைச் சட்டி எண்ணெய், நாப்கின் இவைதான் அடைப்பு. அதைவிடப் பெரிய தவறு மொட்டை மாடி மழைத்தண்ணீர்க் குழாயைப் பாதாள சாக்கடையில் சேர்ப்பது. அந்தக் குழாய்கள் வீட்டுக் கழிவுநீருக்குக் கணக்குப் பண்ணிப் போட்டவை, ஊர் மழையைத் தாங்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி மழையில் மாடித் தண்ணீரும் உள்ளே இறங்கினால், பள்ளத்தில் இருக்கும் வீட்டுக் கழிவறை வழியாகத்தான் அது திரும்ப மேலே வரும். மாடிக் குழாயை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள்.

அடைப்பு வந்தால் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்று யாரையாவது கூப்பிட்டு மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். 2013-ஆம் வருடச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இறங்கச் சொன்ன வீட்டுக்காரரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். செப்டிக் டேங்க் வீடுகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டால் இந்த நிலையே வராது.

பெயர் மாற்றம், வாடகைதாரர், தகராறு

அப்பா காலமான பிறகு இரண்டு வருடம் அவர் பெயரிலேயே கட்டிக்கொண்டிருந்தேன். கட்டுவதில் ஒரு தடையும் இல்லை. மனு எதுவும் கொடுக்கப் போனால்தான் ‘இவர் வந்து கையெழுத்துப் போடட்டும்’ என்று நிற்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசியாகக் கட்டிய ரசீது, தம்பியின் சம்மதக் கடிதம் இவற்றை வைத்து முதலில் சொத்து வரியில் பெயரை மாற்றினேன். அந்த உத்தரவைக் காட்டி மற்ற இரண்டையும் மாற்றினேன். இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

வாடகைக்கு விடுகிறவர்கள், தண்ணீர், சாக்கடைக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். தம்பி வீட்டில் அதை வாடகைக்குள் சேர்த்து நானே கட்டுகிறேன். குடியிருப்பவர் கட்டாமல் காலி செய்தாலும் நிலுவை நம் வீட்டு எண்ணில்தான் நிற்கும். வாடகைப் பாக்கி என்று கோபத்தில் தண்ணீரை அடைக்கும் பழக்கம் சில பேரிடம் உண்டு. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யச் சட்டம் வந்து தடுக்க வேண்டியதில்லை, நாமே செய்யக் கூடாது.

கட்டிய தொகைக்கு நிலுவை காட்டினால், வாய்ச்சண்டை வேண்டாம். ரசீது நகலை இணைத்து மனு எழுதுங்கள். இன்னொரு நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்ற சொற்களைப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று அந்த மூன்று பத்தியில்தான் பதிவேடு இருக்கிறது. உங்கள் எண்ணின் பக்கத்தை வருடவாரியாகக் கேட்டு, ரசீதுகளோடு ஒத்துப் பார்த்தால் எந்த அரையாண்டில் இடறியிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டலாம். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அதே நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பது வயது. அவருடைய மூன்று எண்களையும் போன மாதம்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஐப்பசி பிறப்பன்று அவருடையதையும் சேர்த்து நான்கு வீட்டுக்கு உட்கார வேண்டும்.